ஆன்லைன் கிளப்ல பேய்ப்படம் பாக்கறது எப்படி: ஆள் சேர்க்கறதுல இருந்து விடிய விடிய அடிச்சுக்கற வரைக்கும்

தனியா பேய்ப்படம் பாக்கறது ஒரு சுகம், கூட நாலு பேர வச்சுக்கிட்டு பாக்கறது வேற சுகம். ஆனா நாலு பேரும் நாலு ஊர்ல அவங்கவங்க ரூம்ல லைட்ட அணைச்சுட்டு ஒரே நேரத்துல ஒரே படத்த ஓட விட்டுட்டு, முடிஞ்ச கையோட ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு பேச உக்கார்றது இருக்கே, அது இந்த ரெண்டுலயும் சேராத ஐட்டம். பயப்படும்போது நீங்க மட்டும்தான் இருப்பீங்க, பேசும்போது எல்லாரும் வந்துடுவாங்க. நான் இப்படி ஒரு சின்ன கிளப்ல ரொம்ப நாளா இருக்கேன், பாதி நேரம் அட்மின் வேலையும் என் தலையிலதான், பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும். அதுல சொதப்பிச் சொதப்பி கத்துக்கிட்டத இங்க வரிசையா எழுதறேன்.

ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிடறேன். படம் முடிஞ்சதும் "பயமா இருந்துச்சா?"ன்னு கேட்டீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல பேச்சு படுத்துடும். ஒருத்தர் ஆமாம்பார், இன்னொருத்தர் எனக்கு ஒண்ணுமே ஆகலம்பார், அவ்ளோதான். "எந்த நிமிஷத்துல பயந்தீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும். கீழ சொல்ற ஏற்பாடு எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் வாங்கறதுக்குத்தான்.

முதல்ல ஆளுங்க

5 பேர்ல இருந்து 8 பேர் போதும். பத்தத் தாண்டினா வாய்ஸ் சேனல் சந்தைக்கடை ஆயிடும், ரெண்டு பேர் மட்டும் பேசிட்டே இருப்பாங்க, மத்தவங்க மியூட்ல தூங்கிடுவாங்க. எல்லாரும் ஹாரர் வெறியரா இருக்கணும்னு தேடாதீங்க, அது பெரிய தப்பு. முன்னூறு படம் பாத்து மரத்துப்போன ஆளு ரெண்டு பேர் இருக்கட்டும், பாதிப் படத்துல தலையணைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கற ஆளு ரெண்டு பேராவது கண்டிப்பா வேணும். சத்தியமா சொல்றேன், பயந்தாங்கொள்ளிதான் கிளப்புக்கு சொத்து. படம் எங்க வேல செய்யுதுன்னு அவங்க உடம்புதான் சொல்லும், முன்னூறு பாத்தவர் "இது அந்தப் படத்துல வந்த ஷாட்"னு லிஸ்ட்தான் போடுவார்.

அதனால கிளப்போட முதல் விதியே இதுதான்: பயந்தவங்கள யாரும் ஓட்டக்கூடாது. ஒரு தடவ ஓட்டிட்டீங்கன்னா அடுத்த வாரத்துல இருந்து எல்லாரும் வீரன் வேஷம் போட ஆரம்பிச்சுடுவாங்க, அதோட பேச்சும் போச்சு.

நேரம்

இத சீக்கிரமா முடிச்சுடறேன். ஆளுங்க வேற வேற நாட்டுல இருந்தா நேரத்த யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல போடுங்க, அவங்கவங்க மாத்திக்கட்டும். அக்டோபர்ல மட்டும் கூடுதலா ஜாக்கிரதையா இருங்க. ஐரோப்பாவுல அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமைதான் வைப்பாங்க. அந்த நடு வாரத்துல லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி நேரம் இருக்காது, 4 மணி நேரம்தான். ஹாலோவீன் அக்டோபர் 31, எந்த வருஷமா இருந்தாலும் கரெக்டா அந்த வாரத்துலதான் வந்து விழும். வருஷத்துலயே முக்கியமான ராத்திரி அன்னைக்கு பாதிப் பேர் ஒரு மணி நேரம் லேட்டா வந்து நிக்கற கூத்து நடக்கறது இதனாலதான்.

படத்த எடுக்கறது

ஓட்டெடுப்பு வச்சா நியாயமா இருக்கும்னு தோணும், ஆனா ஓட்டெடுப்புல எப்பவுமே எல்லாருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச படம்தான் ஜெயிக்கும். நாங்க முறை வச்சிருக்கோம். இந்த வாரம் ஒருத்தர் மூணு படம் சொல்லணும், மத்தவங்க அதுல ஒண்ண எடுக்கணும். கூடவே ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீட்டோ உண்டு, "இது எனக்கு வேண்டாம்"னா வேண்டாம்தான், ஏன்னு யாரும் கேக்கக்கூடாது. காரணம் கேக்கறதில்லங்கறதாலதான் அந்த வீட்டோக்கு மரியாதையே. ஆஸ்பத்திரி காட்சி ஒத்துக்காதவங்க இருப்பாங்க, குழந்தைக்கு ஏதாவது ஆனா தாங்காதவங்க இருப்பாங்க, அவங்க வாழ்க்கையில என்ன நடந்துச்சுன்னு நமக்கு விளக்கம் சொல்லிட்டு இருக்கணுமா என்ன?

படத்த முன்னாடியே பாத்தவர் யாராவது இருந்தா எச்சரிக்கை லிஸ்ட் ஒண்ணு போடச் சொல்லுங்க: பாலியல் வன்முறை, மிருகங்களக் கொல்றது, தற்கொலை, ஊசி, கண்ணுல காயம், வாந்தி. மின்னி மின்னி அணையற வெளிச்சம் இருக்கான்னு தனியா சொல்லணும், வலிப்பு வர்றவங்களுக்கு அது நிஜமாவே ஆபத்து. யாருமே பாக்காத படம்னா 'டஸ் தி டாக் டை'ன்னு ஒரு தளம் இருக்கு, ஜனங்களே சேர்ந்து ஒவ்வொரு படத்துலயும் என்னென்ன வருதுன்னு குறிச்சு வச்சிருப்பாங்க. லிஸ்ட்ட ஸ்பாய்லர் மறைப்புக்குள்ள போடுங்க, வேணுங்கறவங்க திறந்து பாத்துக்கட்டும். டிஸ்கார்டுங்கற சாட் ஆப்புல எழுத்துக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு நேர்கோடு போட்டா அது மூடிக்கும்.

அப்புறம், எல்லார் நாட்டுலயும் அந்தப் படம் முறையா கிடைக்குதான்னு பாருங்க. கிளப் ஆரம்பிச்ச புதுசுல இதுதான் பெரிய தலவலி, அதனால முதல் ரெண்டு மூணு வாரத்துக்கு பழைய படங்க பக்கம் போறது நல்லது. 1968ல வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' ஒரு அருமையான ஆரம்பம். வெளியிடற நேரத்துல தலைப்ப மாத்தினாங்க, மாத்தும்போது காப்புரிமை வரிய புதுத் தலைப்புல போட மறந்துட்டாங்க, அப்போ இருந்த சட்டப்படி அமெரிக்காவுல அது பொதுச்சொத்தாவே போயிடுச்சு. இன்னைக்கு வர்ற ஜாம்பி படங்களுக்கெல்லாம் தாத்தா அதுதான், ஆனா படம் முழுக்க ஜாம்பிங்கற வார்த்தை ஒரு தடவகூட வராது. இத படம் முடிஞ்சப்புறம் சொல்லுங்க, பாதிப் பேர் நம்ப மாட்டாங்க.

எந்த வெர்ஷன்? இங்கதான் எல்லாரும் சறுக்கறாங்க

நாங்க 'தி ஷைனிங்' பாத்த அன்னைக்கு நடந்தது இது. எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்சோம், கொஞ்ச நேரத்துலயே ஒருத்தர் சாட்டுல எங்களுக்கு இன்னும் வராத காட்சியப் பத்தி எழுதறார். நெட்டு ஸ்லோவா, ஃபாஸ்ட் ஃபார்வேர்ட் பண்ணிட்டாரான்னு குழம்பி, கடைசில பாத்தா அவர் கையில இருந்தது வேற படம்னே சொல்லலாம். 1980ல அமெரிக்காவுல ஓடினது 144 நிமிஷம், வெளிநாட்டுக்குன்னு டைரக்டர் குப்ரிக்கே வெட்டிக் குடுத்தது 119 நிமிஷம். 25 நிமிஷம் காலி. கதையில வர்ற குட்டிப் பையன டாக்டர் வந்து பாக்கற காட்சி மொத்தமும் சின்ன வெர்ஷன்ல கிடையாது. அதுலதான் அம்மா, அப்பன் குடிச்சுட்டு பையன் கைய என்ன பண்ணான்னு ஒரு செயற்கைச் சிரிப்போட டாக்டர்கிட்ட சொல்லுவா. எங்களுக்கு வயித்துல புளியக் கரைச்ச முதல் இடமே அந்தச் சிரிப்புதான், அவருக்கோ அந்தம்மா சும்மா பயந்து கத்தற கேரக்டர். அன்னைக்கு ஒரு மணி நேரம் சண்ட போட்டோம், ரெண்டு வேற படத்தப் பத்தி.

அதனால படம் முடிவானதும் குரூப்ல ரன்டைம எழுதிப் போடுங்க, ஒவ்வொருத்தரும் அவங்க கையில இருக்கற காப்பியோட நிமிஷத்தத் திரும்பச் சொல்லணும். 'தி எக்ஸார்சிஸ்ட்' எடுத்தீங்கன்னா 1973ல வந்தது 122 நிமிஷம், 2000ல நீட்டி விட்டது 132, மாடிப்படியில தலகீழா இறங்கி வர்ற அந்தக் காட்சி ரெண்டாவதுலதான் இருக்கு. ஊமைப் படம்னா இன்னும் சிக்கல். 1922 'நோஸ்ஃபெராட்டு'வுக்கு ஒவ்வொரு காப்பிலயும் ஒவ்வொரு இசை, வேகமும் மாறும், யார் போட்ட எந்தப் பதிப்புன்னே முடிவு பண்ணிக்கணும்.

இன்னொரு நுணுக்கம். யாராவது ஐரோப்பிய டிவி முறைக்குப் போட்ட பழைய டிவிடி வச்சிருந்தா அதுல படம் செகண்டுக்கு 24 ஃபிரேம்க்கு பதிலா 25 ஓடும். 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்துல முடிஞ்சுடும். ஒண்ணா ப்ளே பண்ணாலும் அந்த ஆளு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி போய்க்கிட்டே இருப்பார், எல்லாருக்கும் முன்னாடி கத்துவார். ரன்டைம் 4 சதவீதம் குறைஞ்சிருந்தா வேற எங்கயும் தேட வேண்டாம், இதுதான்.

ரூம், சத்தம், சப்டைட்டில்

இருட்டு காட்சி தெரியலன்னு உடனே ஸ்க்ரீன் வெளிச்சத்த ஏத்தாதீங்க, ரூம் வெளிச்சத்தக் குறைங்க. வெளிச்சத்த ஏத்தினா கறுப்பு சாம்பல் கலர் ஆயிடும், மூலையில ஏதோ நிக்குதோன்னு சந்தேகப்பட ஒண்ணுமே மிஞ்சாது. டிவில மோஷன் ஸ்மூத்திங் (அசைவ வழுவழுன்னு ஆக்கற செட்டிங்) மாதிரி ஏதாவது இருந்தா அணைச்சுடுங்க, எந்தப் படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிடும். நைட் மோட் சவுண்டும் வேண்டாம், அது சின்ன சத்தத்தத் தூக்கி பெரிய சத்தத்த அமுக்கும், பேய்ப்படமே அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் நடக்குது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவுன்னா ஹெட்செட் போட்டுக்கோங்க, சொல்லப்போனா அதுதான் இன்னும் கிட்ட வந்து பயமுறுத்தும்.

சப்டைட்டில்ல ரெண்டு வகை உண்டு. வசனம் மட்டும் போடறது ஒண்ணு, சத்தத்தையும் எழுதறது இன்னொண்ணு. ரெண்டாவத போட்டா கதவு கிரீச்சிடறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே "கதவு கிரீச்சிடும் ஒலி"ன்னு எழுத்து வந்து பல்ல இளிக்கும். காது கேக்காதவங்களுக்கு அது அவசியம், அப்படி யாராவது கிளப்புல இருந்தா தாராளமா போடணும். ஆனா தெரியாம போட்டுட்டு படம் மொக்கைன்னு சொல்லாதீங்க.

பிளேர் விட்ச் மாதிரி கேமராவ கையில புடிச்சு ஓடற ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம்னா ஸ்க்ரீன்ல இருந்து நல்லா தள்ளி உக்காருங்க. 81 நிமிஷம்தான் அது, ஆனா தல சுத்தி வாந்தி வர்றவங்களுக்கு அது ரொம்ப நீளம்.

ப்ளே

ஒரு ஆள் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி எல்லாருக்கும் காட்டலாமேன்னு தோணும். பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளத்துல காப்பி தடுப்பு இருக்கறதால கறுப்புத் திரைதான் தெரியும், முறையும் இல்ல. டெலிபார்ட்டி மாதிரி பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, ஒருத்தர் பாஸ் பண்ணா எல்லாருக்கும் நிக்கும், ஆனா ஒவ்வொருத்தரும் அந்தத் தளத்துல சொந்தமா சந்தா வச்சிருக்கணும். எங்களுக்கு பழைய கைமுறைதான் சரிப்பட்டு வருது. கம்பெனி லோகோ மறைஞ்சு முழுசா கறுப்பாகற இடத்துல எல்லாரும் பாஸ்ல நிக்கறோம், ஒருத்தர் மூணு ரெண்டு ஒண்ணு சொல்றார், அமுக்கறோம். 20வது நிமிஷத்துல ஒரு தடவ சாட்டுல எல்லாரும் டைம் போடறோம், ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் தள்ளி இருந்தா பரவால்ல.

படம் ஓடும்போது மைக் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும். ஏன்னா உங்க ஸ்பீக்கர் சத்தம் மைக் வழியா போகும், உங்களவிட ரெண்டு செகண்ட் பின்னாடி ஓடறவருக்கு அந்த டமார் சத்தம் உங்க வீட்டுல இருந்து முதல்ல கேட்டுடும், அப்புறம் அவர் படத்துல என்ன வந்து என்ன பிரயோஜனம். உங்க அலறலும் அப்படித்தான், அதவிட மோசமான ஸ்பாய்லர் கிடையாது. சாட்டும் வேண்டாம்ங்கறது என் கட்சி. ஒரு கொலகாரன் ஒவ்வொருத்தரா வெட்டித் தள்ளற ஸ்லாஷர் படம், காமெடி கலந்த படம்னா சாட்டோட பாக்கறது ஜாலிதான், ஒத்துக்கறேன். மெதுவா கழுத்த இறுக்கற படத்துக்கு நடுவுல யாராவது சிரிப்பு எமோஜி போட்டா அத்தோட சரி.

நிமிஷத்தக் குறிச்சுக்கறது

பக்கத்துல ஒரு பேப்பரும் பேனாவும் வச்சுக்கோங்க, போன் வேண்டாம், போன் வெளிச்சம் இருட்டுக்குப் பழகின கண்ணக் கெடுத்துடும், நோட்டிஃபிகேஷன் வேற. எப்போ உடம்பு ஏதாவது பண்ணுதோ அப்போ நிமிஷத்த மட்டும் கிறுக்குங்க. காரணம் எழுத வேண்டாம், வாக்கியம் வேண்டாம். தூக்கிப் போட்டா ஒரு குத்து, முதுகுல ஜில்லுன்னு ஏறினா ஒரு கோடு, பாக்கவே புடிக்காம கண்ணத் திருப்பினா ஒரு பெருக்கல் குறி. மூணு குறி போதும். இருட்டுல கோணலா ஒண்ணு மேல ஒண்ணு எழுதியிருப்பீங்க, பரவால்ல, அந்தக் கையெழுத்தே பாதிக் கதைய சொல்லிடும்.

பேச்சு

முடிஞ்சதும் மைக்க ஆன் பண்ணாதீங்க. பெயர்கள் ஓடற வரைக்கும் சும்மா இருங்க, அந்த நேரத்துல அவங்கவங்க பேப்பர்ல இருக்கறதுல பெரிய நிமிஷம் ஒண்ணே ஒண்ண எடுத்து எல்லாரும் ஒரே நேரத்துல சாட்டுல போடணும். ஒரே நேரத்துலங்கறது முக்கியம். வாயால வரிசையா சொன்னா ரெண்டாவது ஆள் முதல் ஆளப் பாத்து மாத்திப்பார்.

இப்போ ஒரு உதாரணம் சொல்றேன். 1942ல வந்த 'கேட் பீப்பிள்', 73 நிமிஷம்தான். ராத்திரி, ஆளில்லாத ரோடு, ஒரு பொண்ணு நடந்து போறா, பின்னாடி இன்னொரு பொண்ணு. இசை கிடையாது, ரெண்டு ஜோடி செருப்புச் சத்தம் மட்டும் டக் டக்னு கேக்குது. ஒரு இடத்துல பின்னாடி வந்த சத்தம் நின்னுடுது. முன்னாடி போறவ திரும்பிப் பாக்கறா, யாரும் இல்ல, வேகமா நடக்கறா, இருட்டு, மரக்கிளை ஆடுது, திடீர்னு ஒரு சீறல் சத்தத்தோட ஸ்க்ரீன்ல பாயுது... ஒரு பஸ். வெறும் பஸ்ஸு, ஏர் பிரேக் சத்தம். சினிமாக்காரங்க இந்த உத்திக்கு அந்தப் படத்தோட தயாரிப்பாளர் வால் லூட்டன் பேர வச்சு 'லூட்டன் பஸ்'னே சொல்லுவாங்க, இன்னைக்கு வரைக்கும் திடீர்னு பூன குதிக்கறது, தோள்ல ஃபிரண்டு கை வைக்கறது எல்லாமே இதோட பிள்ளைங்கதான்.

எங்க கிளப்புல இதப் பாத்தப்போ ஆறு பேர்ல மூணு பேர் பஸ்ஸுக்குக் குத்து வச்சிருந்தாங்க. ரெண்டு பேர் செருப்புச் சத்தம் நின்ன இடத்துல கோடு போட்டிருந்தாங்க. நடுவுல கொஞ்ச நேரம்தான் இடைவெளி, ஆனா பேச்சு மொத்தமும் அங்கதான் நடந்துச்சு. சத்தம் வந்தா பயமா, சத்தம் நின்னா பயமா? பஸ் வந்ததும் பயம் போச்சா, கூடிச்சா? ஆறாவது ஆள்தான் விசேஷம், அவங்க குறிச்சிருந்தது பஸ்ஸுக்கும் அப்புறம். பஸ் வந்துடுச்சு, அந்தப் பொண்ணு ஏறப் போறா, அப்பவும் கிளை ஆடிக்கிட்டேதான் இருக்குன்னு சொன்னாங்க. எங்க யாருக்கும் அது கண்ணுல படவே இல்ல. திரும்பப் போட்டுப் பாத்தோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மா கிண்டலுக்குச் சொல்றோம், ஆனா பேய்ப்படத்த ஒழுங்காப் பாக்கறது அந்த அரண்ட கண்ணுதான்.

நிமிஷம் கிடைச்சதும் அந்த இடத்துக்குத் திரும்பப் போய் சத்தத்த அணைச்சுட்டு ஒரு தடவ பாருங்க, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு சத்தம் மட்டும் ஒரு தடவ கேளுங்க. எதுல பயம் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுடும். 'சைக்கோ' பாத்ரூம் காட்சிக்கு இசையே வேண்டாம்னுதான் டைரக்டர் ஹிட்ச்காக் முதல்ல நினைச்சிருந்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேக்காம வயலின் கூட்டத்த வச்சுப் போட்டுக் காட்டினப்புறம்தான் மனசு மாறினார். ரெண்டு விதமாவும் பாத்துட்டு யார் சொன்னது சரின்னு கிளப்புல ஓட்டு வைங்க, எங்ககிட்ட முடிவு வரல.

பேச்சு தொய்யும்போது நான் போடற கேள்விங்க சில: இந்த இடத்துல கேமரா யாரோட கண்ணு? படம் நமக்குக் காட்டாம மறைச்சது என்ன, அது வேணும்னே மறைச்சதா இல்ல வழியில்லாமயா? ('ஜாஸ்'ல அந்த இயந்திரச் சுறா கடல் தண்ணில அடிக்கடி மக்கர் பண்ணதாலதான் படத்துல சுறாவ அவ்ளோ கம்மியா பாக்கறோம், வழியில்லாமதான் அந்தப் படமே நல்லா வந்துச்சு.) அந்தப் பேய்க்கு என்ன ரூல், படம் அந்த ரூல எங்கயாவது மீறுச்சா? எந்த இடத்துல முடிச்சிருக்கலாம்? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாத ஆளே கிடையாது.

"பேய் நிஜமா, இல்ல அவளோட மனசுதானா"ங்கற சண்ட எப்படியும் வரும். வரட்டும், ஆனா பத்து நிமிஷம்தான் டைம். அதுக்கு மேல போனா ரெண்டு கட்சியும் சொன்னதையே சொல்லும். அப்போ "சரி, உங்க கட்சிக்கு எந்த நிமிஷம் சாட்சி?"ன்னு கேளுங்க, சாட்சி இல்லாதவங்க தானா அடங்கிடுவாங்க.

கஷ்டமான ஆளுங்க

எனக்கு பயமே வரலன்னு வாராவாரம் சொல்றவர் எல்லா கிளப்புலயும் ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, "எந்த நிமிஷத்துல போர் அடிச்சுது?"ன்னு கேளுங்க. அதுவும் நல்ல தகவல்தான், பல தடவ அவர் போர்னு சொன்ன இடமும் இன்னொருத்தர் நடுங்கின இடமும் ஒண்ணா இருக்கும். ஒரிஜினல் பாத்தாதான் ரீமேக்கப் பத்திப் பேசலாம்னு கேட்டப் பூட்டறவருக்கு அடுத்த வாரம் மூணு படம் சொல்ற வேலையக் குடுங்க. படப்பிடிப்புத் தகவல் கொட்டறவர கடைசி பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒதுக்குங்க, முன்னாடியே விட்டா மத்தவங்களுக்கு வாய் அடைச்சுடும். நானே அந்த ஆளுதான், அதனால இந்த விதி எனக்கும் சேத்துத்தான்.

வர முடியாதவங்களுக்கு தனி த்ரெட், ஒரு வாரம் வரைக்கும் வெளிய ஸ்பாய்லர் பேசக்கூடாது. ராத்திரிப் பேச்சுல வாயே திறக்காதவங்க மறுநாள் த்ரெட்ல நீளமா எழுதுவாங்க, அத அவசரப்பட்டு மூடிடாதீங்க.

முடிஞ்சப்புறம்

பேச்சு முடிஞ்சதும் டக்குனு எல்லாரும் கிளம்பிடாதீங்க. தனியா இருக்கறவங்க இருப்பாங்க, படத்தப் பத்தி பேசாம வேற ஏதாவது வெட்டிக்கத ஒரு கால் மணி நேரம் ஓடட்டும். அன்னைக்குப் போட்ட நிமிஷம் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல ஏத்தி வைங்க, ஆள் பேர், படம், நிமிஷம், குறி. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா ஒவ்வொருத்தருக்கும் ஒரு தினுசு தெரியும். ஒருத்தருக்கு எப்பவும் கதவு, ஒருத்தருக்கு எப்பவும் குழந்தை குரல், எனக்கு யாரோ முதுகக் காட்டிட்டு நிக்கறது.

1998 ஜப்பான் படம் 'ரிங்கு'வ பாத்தப்போ எல்லாரும் கடைசில பேய் டிவிக்குள்ள இருந்து வெளிய வர்ற அந்த நடையத்தான் குறிச்சிருந்தாங்க. நடிச்சவங்கள பின்னாடி நடக்க வச்சு எடுத்து, படத்த தலகீழா ஓட்டினதால வந்த நடை அது, மனுஷ உடம்பு அப்படி நகராதுன்னு நம்ம மூளைக்குத் தெரிஞ்சுடுது. 96 நிமிஷப் படம். ஷீட்ட ஏத்தும்போது பாத்தா கிளப்புலயே அதிகமா பயப்படற பொண்ணு மட்டும் 1 மணி 55 நிமிஷம்னு எழுதியிருந்தா. டைப்பிங் தப்பான்னு கேட்டேன். இல்லண்ணா, கரெக்ட்தான், எல்லாரும் லைன விட்டுப் போனப்புறம் டிவிய ஆஃப் பண்ணேன், கறுப்பு ஸ்க்ரீன்ல ஒரு ஆள் உக்காந்திருந்துச்சு, அது நான்தான்னு புரியறதுக்கு கொஞ்ச நேரம் ஆச்சுன்னா.